மிஸ்டர் நோ வாய்க்குள் இருந்த எழுத்துகள்

பட்டப்பகலில் ஒரு கொரியாக்காரரின் வாய்க்குள் டார்ச் லைட் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட.

இடம், கோவையிலிருந்து அன்னூர் போகிற சாலையில் ஒரு தகர ஷெட். கரண்ட் போயிருந்தது. உள்ளே மரப்பெட்டி உடைத்த வாசனையும் மிஷின் ஆயில் வாசனையும் கலந்து கிடந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, 'க்' என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்தியிருந்தார். அடிநாக்கு மேலேறி அண்ணத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதை நான் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நானும் வாயைத் திறந்து 'க்' என்று பிடித்துவைத்துக்கொண்டு, என் நாக்கும் அங்கேதான் போகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால், நான் அந்த ஷெட்டுக்கு எப்படிப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எங்கள் ஊர்க் கொரியர் ஆபீசில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். எல்லாம் அந்தக் கொரியரால் வந்த வினை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்

கொரியர் ஆபீசை மூடிவிட்டார்கள். நான் கோவைக்கு வந்து, கணபதியில் அக்கா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் எத்தனை நாள் இருப்பாய் என்று அக்காவும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. ஆபீஸ் வேலைக்குப் பெண் தேவை. போனேன்.

முதலாளியின் பெயர் சென்னியப்பன். அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். கிணற்றோடு இருந்த ஒரு விவசாயக் காட்டை விற்று, கொரியாவிலிருந்து கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றை வரவழைத்திருந்தார். ஒரே சமயத்தில் பல துணிகளில் ஒரே பூவைத் தைக்கிற மிஷின். அங்கே யாரோ ஓட்டிய பழைய மிஷின். பங்காளிகள் எல்லாரும் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, எதிரில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், பக்கத்தில் தொப்பி போட்ட இன்னொருவர். தொப்பிக்காரர் கோட்டைமேட்டு இப்ராகிம் பாய். டிசைன் வரைகிறவர்.

"கொரியாக்காரங்ககூட வேலை செஞ்சிருக்கீங்களா அம்மணி?" என்று முதலாளி கேட்டார்.

என் காதில் 'கொரியர்க்காரங்க' என்று விழுந்தது. சொல்லிப் பாருங்கள், உங்கள் காதிலும் அப்படித்தான் விழும்.

"ஒரு வருசத்துக்கு மேலயே செஞ்சிருக்கேனுங்க."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவுங்க எழுத்தெல்லாம் படிப்பீங்களா?"

"மொதல்ல ஒண்ணுமே புரியாதுங்க. கோழி கிளறுன மாதிரி இருக்கும். அப்பறம் பழகிப்போச்சுங்க."

"பேச்சு?"

"வேகமாப் பேசுவாங்க. நேரமாயிப்போச்சுன்னா கத்துவாங்க. நாம தன்மையாப் பேசுனா அடங்கிப்போயிருவாங்க."

"உங்கூர்ல அவுங்க எங்கீங் அம்மணி இருக்காங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சந்துக்குள்ளீங்க. ரெண்டு மூணு பேரு. மழை பேஞ்சா உள்ள தண்ணி வந்துரும். பாவமுங்க."

முதலாளி பாயைப் பார்த்தார். பாய் முதலாளியைப் பார்த்தார். உலகம் இவ்வளவு தூரம் மாறிவிட்டதா என்பதுபோல இருந்தது இரண்டு முகமும்.

"திங்கக்கெழமை வந்துருங்க அம்மணி."

திங்கட்கிழமை

திங்கட்கிழமை ஷெட் வாசலில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் வட்டமும் சதுரமும் குச்சியுமாக ஏதோ எழுதியிருந்தது. முதலாளி சந்தோஷமாகக் கையை நீட்டினார்.

"படிங்க அம்மணி. எந்தப் பொட்டியில எது இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க."

நான் பெட்டியைப் பார்த்தேன். அப்போதுதான் எல்லாம் புரிந்தது. 

"அண்ணா, நான் சொன்னது இந்தக் கொரியா இல்லீங்ணா. பார்சல் கொண்டு போற கொரியருங்க."

முதலாளி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சந்துக்குள்ள இருக்கறவிங்க?"

"கொரியர் ஆபீசுங்க."

"நானும் ரோசனை பண்ணுனனுங்க, அவ்வளவு தூரத்துல இருந்து வந்து எதுக்கு மழைத்தண்ணியில கெடக்கறாங்கன்னு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"மிஷினு மாட்டறதுக்குக் கொரியாவுல இருந்து ஆளு வாராருங்க. ரெண்டு மாசம் இருப்பாரு. மிஷினுல இருக்கற பொத்தான், டிவி மாதிரி ஒண்ணு இருக்குதே அது, பொஸ்தகம், எல்லாமே அவுங்க எழுத்துத்தான். அவரு போறதுக்குள்ள நீங்க படிச்சுக்குங்க. எழுத்துத்தானுங்களே, படிச்சா வந்துரும்."

"வரலீன்னாங்ணா?"

"வரலீன்னா பில்லு போடற வேலை தரலாம். அதுக்கு ஏற்கனவே ஆளு இருக்குதுங்க," என்றார் வருத்தமாக.

கொங்கு நாட்டில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

பேரே அதுதானுங்க

அவர் வந்தார். ஒல்லியான ஆள், சிரித்த முகம், மடிப்புக் கலையாத நீலச் சட்டை. விமான நிலையத்திலேயே முதலாளி அவர் பெயரைக் கேட்டிருக்கிறார். அவர் "நோ" என்றாராம். சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது என்று முதலாளி மரியாதையாக விட்டுவிட்டார். பிறகு காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கும் "நோ." இளநீர் வேண்டுமா, "நோ." ரொம்பக் கூச்ச சுபாவம் என்று எல்லாரும் முடிவு செய்தோம்.

அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். எனக்கும் கொஞ்சம். நடுவில் நிறைய இடைவெளி. எழுத்துப் படிக்க வேண்டும் என்று நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

அதில் முதல் எழுத்தாக ஒரு சின்னக் கட்டம். மேலே ஆங்கில 'எல்' போல ஒரு மூலை, ㄴ. அதன் அடியில் ஒரு படுக்கைக் கோடு, கோட்டின் நடுவில் மேலே நீட்டிக்கொண்டு ஒரு குச்சி. மூலையைத் தொட்டு "ந்" என்றார். கோட்டைத் தொட்டு "ஓ" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "நோ. மை நேம்" என்றார்.

கொரிய மொழியில் நான் முதன்முதலாகப் படித்த வார்த்தை அது. ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன்.

"அவரு பேரே நோதானுங்ணா."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப காப்பி வேணுமான்னு கேட்டப்ப எல்லாம் பேரைத்தான் சொன்னாரா? ரெண்டு நாளா அந்த மனுசனுக்கு ஒரு சொட்டுக் காப்பி குடுக்கலீங்களே."

அன்று மத்தியானம் மிஸ்டர் நோவுக்கு அடுத்தடுத்துக் காப்பி போய்க்கொண்டே இருந்தது.

நாக்குப் போகிற வழி

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் தமிழம்மா, எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று ஒரு பாடம் நடத்தினார். எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொடுகிறது, எதற்கு உதடு சேர்கிறது என்று வரும். மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, அன்றைக்கே மறந்துவிட்டேன்.

கொரியாக்காரர்கள் அதையே படமாக வரைந்து எழுத்தாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'ந்' என்று சொன்னால் நாக்கின் நுனி மேலேறிப் பல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் அது ㄴ. 'க்' என்று சொன்னால் நாக்கின் அடி மேலே போய் நுனி கீழே தொங்குகிறது. அது ㄱ. 'ம்' என்றால் வாய் மூடிக்கொள்ளும், அதற்கு ஒரு சதுரம். 'ஸ்' என்றால் காற்று பல்லில் உரசும், அதற்குப் பல் மாதிரி ㅅ. தொண்டைக்கு ஒரு வட்டம்.

இதை மிஸ்டர் நோ ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார், முடியவில்லை. அதனால்தான் வாயைத் திறந்தார். கரண்ட் போனதால்தான் நான் டார்ச்சை எடுத்தேன்.

முதலாளி உள்ளே வந்து பார்த்தது இதைத்தான்.

"ஏனுங்க, பல்லு வலிங்களா?"

எனக்குப் பேச வழியில்லை. நாக்கு 'க்'கில் நின்றுகொண்டிருந்தது. மிஸ்டர் நோவுக்குக் கேள்வி புரியவில்லை. புரியாத கேள்விக்கெல்லாம் புன்னகையோடு தலையாட்டுவது அவர் வழக்கம். ஆட்டினார்.

"சொல்லவே இல்லீங்களே," என்று முதலாளி அவர் தோளைத் தொட்டு எழுப்பினார். நான் வாயை மூடி, இது பாடமுங்ணா என்று சொல்லி முடிப்பதற்குள் அம்பாசிடர் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். மிஸ்டர் நோவின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு.

"கடவாப்பல்லு ஒண்ணு சுத்தமாச் சொத்தைங்க," என்றார் முதலாளி. "டாக்டரு புடுங்கிப்போட்டாரு. எப்படித்தான் இத்தனை நாளு பொறுத்துட்டு இருந்தாரோ."

வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாருக்கும் இந்தக் கம்பெனியில் இப்படி ஒரு உடல் பரிசோதனை உண்டு என்று மிஸ்டர் நோ நினைத்துக்கொண்டாராம். பல வாரங்கள் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. அந்தப் பல் ஒரு வருடமாக வலித்துக்கொண்டிருந்தது என்றும் அப்போது சொன்னார். எங்கள் கம்பெனிமேல் அவருக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அடுத்து வர வேண்டிய பாடம் பல் எழுத்து. வாயில் பஞ்சோடு 'ஸ்' என்று சொல்ல வராமல், வீக்கம் வற்றுகிற வரை அதைத் தள்ளிப்போட்டார்.

பெல்ட்டு, போல்ட்டு

பாடம் நடக்க நடக்க எனக்குத் தைரியம் வந்தது. எழுத்துகள் பயமுறுத்துகிற அளவுக்கு அதிகம் இல்லை. உயிரெழுத்து எல்லாம் நட்ட கோடும் படுத்த கோடும்தான். நட்ட கோட்டில் வலது பக்கம் ஒரு குச்சி வைத்தால் ஆ. அதே இடத்தில் இரண்டு குச்சி வைத்தால் யா. ஒரு மெய்யெழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அதிலேயே இன்னொரு கோடு.

ஒரு விஷயத்தில் நான் அவரை ஆச்சரியப்படுத்தினேன். அவர்களுடைய ㄱ, சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஒரு மாதிரியும் நடுவில் வந்தால் மெதுவாகவும் ஒலிக்கும். வெளிநாட்டவர்களுக்கு இதை விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுமாம். நான் 'காகம்' என்று எழுதிக் காட்டினேன். இரண்டும் ஒரே 'க'தான், சொல்லிப் பாருங்கள் என்றேன். சொல்லிப் பார்த்தார். மறுபடி சொன்னார். அன்று முழுக்க ஷெட்டுக்குள் "காகம், காகம்" என்று சொல்லிக்கொண்டே நட்டு முடுக்கினார்.

அதே தைரியத்தில் 'கொ'வையும் எழுதிக் காட்டினேன். அவர் குழம்பிப்போனார். 'ஒ' சத்தம் பின்னால்தானே வருகிறது, அந்தக் கொம்பு எதற்கு முன்னால் நிற்கிறது என்று சைகையில் கேட்டார். டவுன் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை அவர் பார்த்திருந்தார். அதுபோல என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

பிறகு புத்தகத்துக்குப் போனோம். மிஷின் படங்களும், ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் கொரிய எழுத்தும். எழுத்துக் கூட்டினேன். பெல்-ட்டு. போல்-ட்டு. மோ-ட்டோ. நொ-ட்டு. ஓ-யில். ஸு-வி-ச்சி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணபதியில் எந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தாலும் இந்தச் சொற்களை இதே மாதிரிதான் சொல்வார்கள். கடைசியில் ஒரு 'உ' போட்டு வைக்காவிட்டால் நமக்கும் சொல் நிற்காது, அவர்களுக்கும் நிற்காது. மிஷின் மாட்ட வந்த உள்ளூர் ஃபிட்டர்கள் ஏற்கனவே இதைக் கவனித்திருந்தார்கள். "அவரு பேசறது நம்ம பாசைதானுங்களே," என்றார்கள்.

மற்ற சொற்கள்தான் சிக்கல். படித்துவிடுவேன், பொருள் தெரியாது. இதை நான் இப்ராகிம் பாயிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவரும் கூடவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எதுக்குத் தங்கச்சி வெசனப்படறீங்க?" என்றார் பாய். "சின்ன வயசுல நான் மதரஸாவுல அரபு ஓதப் படிச்சேன். எந்தப் பக்கத்தைத் தொறந்து குடுத்தாலும் தப்பில்லாம ஓதிருவேன். அர்த்தம் வேணுமுன்னா ஓதிக் குடுத்த அசரத்தைத்தான் கேக்கோணும். மொதல்ல எழுத்து வரட்டும்."

மூன்று எழுத்து எங்கே

மிஷின் முதன்முதலாக ஓடிய அன்று, முதல் தையல் தன் பெயராக இருக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். மிஷின் நினைவில் ஆங்கில எழுத்தும் கொரிய எழுத்தும்தான் இருந்தன.

"இங்கிலீசு எல்லாப் பக்கமுந்தான் இருக்குது. கொரியாவுல போடுங்க அம்மணி."

எழுதிக் கொடுத்தேன். மிஸ்டர் நோ ஓர் இடத்தில் மட்டும் திருத்தினார். வெள்ளைத் துண்டில் சிவப்பு நூலில் சடசடவென்று தைத்து முடிந்தது. முதலாளி துண்டைக் கையில் வாங்கி, விரல் வைத்து எண்ணினார். முகம் சுருங்கியது.

"நாலுதான் இருக்குது. என் பேருல ஏழு எழுத்துங்க. மிச்சம் மூணு எங்கீங்க போச்சு?"

அவர்கள் எழுத்தை வரிசையாக நிற்கவைப்பதில்லை, கட்டங்கட்டமாகக் குடிவைக்கிறார்கள் என்று விளக்கினேன். 'செ' மேல் மாடி. அதன் பின்னால் வருகிற 'ன்' தனியாக நிற்காமல் அதே கட்டத்தின் கீழ் வீட்டில் குடியிருக்கும். 'ய'வுக்குக் கீழே 'ப்'. 'ப'வுக்குக் கீழே 'ன்'.

"ஓ, கீழூட்டுல இருக்குதா," என்று துண்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எனக்கென்னமோ பேரைச் சுருக்கிப்போட்ட மாதிரியே இருக்குது." ஆனாலும் அன்று முழுக்க அந்தத் துண்டைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

வட்டம்

அந்த வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டைக்கு ஒரு வட்டம் என்றேனே, அது.

கட்டத்தின் மேலே வந்தால் அதற்கு ஒரு சத்தமும் கிடையாது. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற ஒறம்பரைச் சொந்தக்காரர் மாதிரி. பெரிய வேலை இல்லை, ஆனால் ஆள் நிற்காவிட்டால் நன்றாக இருக்காது. அதே வட்டம் கட்டத்தின் கீழே போனால் 'ங்' என்று ஒலிக்கும்.

மிஸ்டர் நோ எங்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் ஒரு காகிதம் முழுக்க வட்டமாகப் போட்டுக்கொண்டு வந்தார். இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் கடைசியில் 'ங்' வருகிறதே, ஏன் என்று கேட்டார். மரியாதை என்றேன். அவர்கள் ஊரில் அதற்கு 'யோ' சேர்ப்பார்களாம். அது இல்லாமல் பேசினால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுமாம். இங்கேயும் அப்படித்தான் என்றேன்.

அன்றிலிருந்து அவர் ஆங்கிலமே மாறிவிட்டது. "ஸ்டாப்புங்க." "ஆயிலுங்க." "நீடில் புரோக்கனுங்க." ஊர் திரும்பும்போது எங்கள் எல்லாருக்கும் கும்பிடு போட்டு, "பை பைங்க" என்றார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை

அவர் போய்ச் சில வாரங்களில் பெரிய வேலை ஒன்று வந்தது. அந்தியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடைச் சட்டைப் பைகளில் முத்திரை தைக்க வேண்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பிள்ளைகள் அந்தச் சட்டையோடு வர வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம், பாதி வேலையில் மிஷின் நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி விட்டு விட்டு மின்னியது. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் கீச்சென்று கத்தியது. முதலாளி வந்து நின்று பார்த்தார்.  தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். காட்டை விற்றது சரியா தப்பா என்று அந்த நிமிடம் அவர் மனதுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"அம்மணி, அது என்னதான் சொல்லுதுங்க?" என்றார் கடைசியில்.

"படிச்சுட்டேனுங்ணா. ஆனா அர்த்தம் தெரியலீங்க."

"தெரிஞ்சவருக்குப் போனைப் போட்டுப் படிச்சுக் காட்டுங்க."

இத்தனை சுலபமான யோசனை எனக்குத் தோன்றவில்லை. மிஸ்டர் நோ வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திரையில் இருந்ததை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஆபீஸ் அறைக்கு ஓடினேன். போன் ஒயர் மிஷின் வரை எட்டாது. அதனால் முதலாளி ஆபீஸ் வாசலில் நின்றார், பாய் மிஷினருகே நின்றார்.

மணி அடித்தது. எடுத்தது ஒரு பெண் குரல். மிஸ்டர் நோவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. "மிஸ்டர் நோ பிளீஸ்" என்றேன். அந்தம்மா மளமளவென்று ஏதோ கேட்டார். "இந்தியா" என்றேன், "கோயமுத்தூர்" என்றேன். இன்னும் வேகமாகக் கேட்டார். வேறு வழி தெரியவில்லை. உள்ளங்கையைப் பார்த்துப் படித்தேன்.

"ஜூ-சுக் வி-சி இ-சாங்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மரியாதை குறைந்துவிட்டதோ என்று பயந்து, கடைசியில் ஒரு 'யோ' சேர்த்து, இன்னும் தன்மையாக மறுபடி படித்தேன். அந்தம்மா ரிசீவரை விலக்கிக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். காலடிச் சத்தம். பிறகு வாயில் எதையோ மென்றுகொண்டே ஒரு குரல்.

"சுகுணாங்க?"

எனக்கு உயிர் வந்தது. மறுபடி படித்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மிஷினின் பெரிய தண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான் அந்த வரியின் பொருள். "ஹேண்டுல டர்னுங்க," என்றார். "ஸ்லோலீங்க. ரெட் லைன், ரெட் லைன். சேமுங்க."

நான் முதலாளியிடம் சொன்னேன். முதலாளி பாயிடம் சொன்னார். பாய் மிஷின் ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தண்டை மெல்லச் சுற்றி, சிவப்புக் கோட்டை இன்னொரு சிவப்புக் கோட்டுக்கு நேராக நிறுத்தினார்.

"நவ் பட்டனுங்க," என்றது போன். "சோ-கி-ஹ்வா."

"சோ-கி-ஹ்வா," என்றேன் முதலாளியிடம்.

முதலாளி திரும்பி, பாயைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாய், சோகி வாங்க."

ஆபீஸ் அறைக் கண்ணாடி வழியாகப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் நன்றாகப் படித்தவர். 'ங்' காதில் விழுந்ததால், கடைசிக் கட்டத்தின் கீழே வட்டம் உள்ள பொத்தானாகத் தேடினார். ஒன்று கிடைத்தது. அது வட்டமில்லை, மூலை தேய்ந்துபோன சதுரம். நினைவில் இருக்கிற டிசைன் அத்தனையையும் அழிக்கிற பொத்தான் அது. அதைத் தொடவே கூடாது என்று மிஸ்டர் நோ போகும்போது கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை காட்டிவிட்டுப் போயிருந்தார். பாயின் விரல் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பாய், தொடாதீங்க," என்று கத்தினேன். "வாங்க இல்லீங்க, ஹ்வா. முதலாளி மரியாதை சேத்துப்போட்டாருங்க."

பாய் விரலை எடுத்துக்கொண்டார். முதலாளி வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"எழுத்தைச் சொல்லுங்க தங்கச்சி," என்றார் பாய்.

"மொதல் கட்டத்துல பல்லு எழுத்துங்க. அதுக்கு மேல ரெண்டு கோடு. கீழ படுத்த கோடு. ரெண்டாவது கட்டத்துல 'க்' எழுத்தும் நட்ட கோடும். ஒரு கட்டத்துலயும் கீழூட்டுல ஆளே இல்லீங்க."

பாய் ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரத்தில் ஒன்றன்மேல் நின்றார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அழுத்தினார்.

திரையில் மின்னிக்கொண்டிருந்த வரி போய்விட்டது.  பிறகு மிஷினின் ஊசித் தலைகள் எல்லாம் ஒன்றாகச் சடசடவென்று தைக்கத் தொடங்கின. ஷெட்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். முதலாளி மட்டும் சுவரில் சாய்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

சட்டைகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி ஏறின. நான் அந்தக் கம்பெனியில் பதினான்கு வருடம் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை போனை வைப்பதற்கு முன் மிஸ்டர் நோ சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார். "மை ஒய்ஃப் ஆஸ்கிங்க. யுவர் கொரியன் வெரி குட். கொரியாவுல விச் டவுனுங்க?"

அவர் என்ன கேட்கிறார் என்றார் முதலாளி. என்னுடைய ஊர் எது என்று கேட்கிறார்கள் என்றேன். அதைக்கூடச் சொல்லாமல் எப்படி வைப்பது என்று ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி, கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்ற எண்ணத்தில் உரக்கச் சொன்னார்.

"தாராபுரமுங்க. அமராவதி ஆத்துக்குப் பக்கத்துலீங்க."

ரிசீவர் என் கைக்குத் திரும்பியபோது, அந்தப் பக்கம் மிஸ்டர் நோ அதை மனைவியிடம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தம்மா சந்தோஷமாக நீளமாக ஏதோ பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எழுதச் சொல்லியிருந்தால் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருப்பேன்.